பதில்: கோவையிலிருந்து பெங்களூரு, 30% சம்பள உயர்வு போதுமா?

30% சம்பள உயர்வோடு பெங்களூரு வேலைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கீங்க. இப்போ கோவை சரவணம்பட்டியில் மாசம் 14,000 வாடகை கொடுக்கிறீங்க, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் அதே மாதிரி இரண்டு படுக்கையறை வீடு பார்க்கணும், இணைய கால்குலேட்டர் 'செலவு 20% கூடும்' என்கிறது. அந்த ஒற்றை எண்ணை நம்பி வேலைக்குக் கையெழுத்துப் போடாதீங்க. அது ஊர் முழுக்கச் சராசரி. உங்க தெருவுக்குப் பொருந்தாது.

முதலில் அட்வான்ஸ். பத்து மாத வாடகை வரை கேட்கிற வழக்கம் அங்கே இன்னும் இருக்கு. 28,000 வாடகைன்னா 2,80,000 ரூபாய் வட்டியில்லாமல் முடங்கும். பேசினால் குறைப்பாங்க, பேசுங்க. காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் உண்டு (வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பாங்களா என்பது வேறு கதை!). வாடகை ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிங்க.

அடுத்து தண்ணீர். காவிரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கரா? 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் அந்தப் பக்கம் பட்ட பாடு தெரியுமே. மெயின்டனன்ஸில் தண்ணீர் அடங்குமா என்றும் கேளுங்க.

மெட்ரோ ஊதா வழித்தடத்தில் ஹூடி, கே.ஆர்.புரம் பக்கமும் வீடு பாருங்க. மளிகை வித்தியாசம் பெரிசா இருக்காது. வண்டியைக் கொண்டுபோனால் மட்டும், 12 மாதத்துக்கு மேல் தங்கினால் மறுபதிவும் கர்நாடக சாலை வரியும் வரும். குழந்தைக்குப் பள்ளி பார்க்கணுமா? அதைச் சொல்லலையே நீங்க.