ஆங்கிலத்தில் 'பாயிண்டட்லி' (pointedly) என்றால் 'வேண்டுமென்றே' என்றுதானே அர்த்தம்? எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

'வேண்டுமென்றே' பாதி விடைதான். செய்வதை வேண்டுமென்றே செய்வதோடு, உரியவருக்கு அது உறைக்கவும் வேண்டும். அப்போதுதான் 'பாயிண்டட்லி'.

வந்தவர் பேச்சை முடிப்பதாக இல்லை. எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மணி தெரிந்துகொள்ளப் பார்த்தால் வெறும் 'லுக்டு'. 'போதும், கிளம்புங்கள்' என்பது அவருக்குப் புரியட்டும் என்று தலையைத் திருப்பி, கண்ணைச் சற்று நேரம் அங்கேயே நிறுத்தினால் 'லுக்டு பாயிண்டட்லி அட் தி கிளாக்'.

வெறும் 'வேண்டுமென்றே' என்ற பொருள் தரும் 'டெலிபரேட்லி'யோடு இதைக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு ஃபைலை யாருக்கும் தெரியாமல் டெலிபரேட்லி அழிக்கலாம். பாயிண்டட்லி அழிக்க முடியாது, பார்க்க ஆள் வேண்டும். 'எம்ஃபாட்டிக்லி' என்பது அழுத்தம்திருத்தமாக, அவ்வளவே. அதில் குத்தல் இருக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் இதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடித்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கூட வரும் வினையைப் பாருங்கள். 'செட்' (said) வந்தால் 'சுருக்கென்று தைக்கும்படி சொன்னார்'. 'லுக்டு' வந்தால் 'அர்த்தத்தோடு பார்த்தார்'. 'இக்னோர்டு' வந்தால் 'கண்டும் காணாததுபோல் போனார்' என்பதே போதும், தனி அடைமொழி தேவையில்லை. 'குறிப்பாக' என்று மட்டும் போடாதீர்கள். அது இன்று 'பர்டிகுலர்லி'யாகத்தான் படிக்கப்படும்.

நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, 'ஹி எக்ஸ்பிளெய்ண்டு இட் பாயிண்டட்லி' என்று எழுதுவது. பாயிண்ட் பாயிண்டாக விளக்கினார் என்று சொல்ல நினைத்திருப்பார்கள். படிப்பவருக்கோ யாரையோ குத்திக்காட்டி விளக்கியதாகத் தோன்றும். அந்த இடத்துக்கு 'பாயிண்ட் பை பாயிண்ட்' இருக்கிறது. சுருக்கமாக என்றால் 'கன்சைஸ்லி'. இங்கே 'பாயிண்ட்' என்பது கூர்முனை, குறிப்பெடுக்கும் பாயிண்ட் அல்ல.

எதிர்மறை வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம் முக்கியம். 'ஷி பாயிண்டட்லி டிட் நாட் தேங்க் ஹிம்': நன்றி சொல்லவில்லை, சொல்லாததே சேதி. 'ஷி டிட் நாட் தேங்க் ஹிம் பாயிண்டட்லி' என்று இடம் மாற்றினால், நன்றி சொன்னாள், அதில் குத்தல் இல்லை என்றும் படிக்க இடமுண்டு. ஆகவே 'டிட் நாட்'டுக்கு முன்னால் வையுங்கள்.

உச்சரிப்பில் மூன்று அசை: பாயின்-டிட்-லி. நடு அசையை விழுங்கி 'பாயிண்ட்லி' என்பார்கள், அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை.