வெளியிலிருந்து வந்து குடியேறுபவர்களால் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கும் பண்பாட்டுக்கும் என்ன கிடைக்கிறது?

மொரிசியசில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைப் படித்தால், 'வெளியிலிருந்து வராதவர் யார்?' என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. இந்தத் தீவுக்குப் பூர்வகுடிகளே கிடையாது. 1638-இல் டச்சுக்காரர்கள் குடியேறும்வரை ஆளில்லாத மண். பிரெஞ்சுக்காரர், அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர், சீனர், நம்மவர் எல்லோரும் கப்பலில் வந்தவர்கள்தான்.

1834 முதல் இந்தியாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். மாதம் 5 ரூபாய் சம்பளம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கருங்கற்கள் மேடு மேடாகக் குவிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். எரிமலைக் கல் மண்டிக் கிடந்த நிலத்தில் கரும்பு வைக்க, வெறும் கையால் பெயர்த்துச் சுமந்து குவித்தவை அவை. பொருளாதாரம் என்றதும் எனக்கு அந்த மேடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. அதைப் பங்களிப்பு என்று சொல்லக்கூட மனசு வரவில்லை. பிழிந்து வாங்கிய உழைப்பு அது.

சரி, பண்பாட்டுக்கு வருகிறேன். கல்யாணமாகி நான் இங்குள்ள ரோஸ்ஹில் நகருக்கு வந்து 14 வருடம் ஆகிறது. மாமியாருக்குத் தமிழ் பேச வராது, எனக்கு அப்போது இங்கே எல்லோரும் பேசும் க்ரியோல் மொழி தெரியாது. முதல் வாரம் அவரோடு காய்கறிச் சந்தைக்குப் போனேன். ஆப்பிரிக்க வம்சாவளி அம்மா ஒருவர் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்து, "கொத்தொமிலி, கொத்தொமிலி" என்று கூவிக்கொண்டிருந்தார். நம்ம கொத்தமல்லியேதான்! பக்கத்தில் கறிவேப்பிலை, அதற்குப் பெயர் 'காரிபுலே'. பீர்க்கங்காய்க்கு 'பிப்பங்காய்'. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தமிழிலிருந்து வந்தது என்ற எண்ணமே இல்லை, அவருடைய மொழி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் நீட்டிய மொரிசியஸ் 100 ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருந்தது. அதில் படமாக இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளியில் வந்த வழக்கறிஞர், அரசியல் தலைவர். 200 ரூபாய் நோட்டில் இருக்கும் அப்துல் ரசாக் முகமது கல்கத்தாவில் பிறந்து இங்கே வந்தவர். 25 ரூபாயில் சீன வம்சாவளித் தலைவர் ஆ சுவன்.

இப்போது வங்கதேசத்துப் பிள்ளைகள் இங்கே துணி ஆலைகளில் வேலை செய்கிறார்கள். "நம்ம பிழைப்பைக் கெடுக்க வந்துவிட்டார்கள்" என்று நம்மவர்களே பேசும்போது எனக்கு வலிக்கிறது, நம் பாட்டன் பூட்டனைப் பார்த்தும் யாரோ இதையேதானே சொல்லியிருப்பார்கள். போன சனிக்கிழமை சந்தையில் எனக்கு முன்னால் அப்படி ஒரு பையன் நின்றான். ஊரில் கொத்தமல்லியை வங்காளியில் 'தோனேபாத்தா' என்று சொல்லி வளர்ந்திருப்பான். இங்கே கையை நீட்டி, தயங்காமல் "கொத்தொமிலி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.