பிளாஸ்டிக் பெட்டி போட்ட பழைய வால்வு ரேடியோவைச் சீர்செய்வது வீண் வேலையா?

கேள்வி: தாத்தாவின் பழைய வால்வு ரேடியோ பரணில் கிடைத்தது. மரப்பெட்டி இல்லை, பழுப்பு நிறப் பிளாஸ்டிக். செருகிப் பார்க்கலாமா? சீர்செய்யும் அளவுக்கு மதிப்பு உண்டா, அல்லது உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் பொருத்திவிடலாமா?

பதில்:

தயவுசெய்து செருகிப் பார்க்காதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

மரப்பெட்டி இல்லை என்பதை ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். மரம் என்றால் பழம்பொருள், பிளாஸ்டிக் என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. இது என்னை நெடுநாளாக உறுத்துகிற விஷயம். உங்கள் பழுப்புப் பெட்டி பெரும்பாலும் பேக்லைட்டாக இருக்கும். 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பொருள் அது. முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் அதுதான். 1934-இல் வெளிவந்த எக்கோ ஏடி65 என்ற வட்ட வடிவ ரேடியோவை வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். அந்த வளைவுகளை மரத்தில் கொண்டுவர முயன்றால் தச்சரின் கை ஒடிந்துவிடும். இன்று அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அழகைப் பற்றி அல்ல. சிறிய பிளாஸ்டிக் செட்டுகள் பலவற்றில் செட்டை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மரே கிடையாது. எடையும் செலவும் குறைய வேண்டும், ஏசி, டிசி இரண்டிலும் ஓட வேண்டும் என்பதற்காக, வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியை நேராக, பாகங்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸோடு இணைத்துவிட்டார்கள். அந்தச் சேசிஸுக்கும் உங்கள் விரலுக்கும் இடையே நிற்பது பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுதான். குமிழ் கழன்றுபோன தண்டைத் தொட்டாலோ, பின்மூடி இல்லாத செட்டில் கைவிட்டாலோ மின்சாரத்தைத் தொடுகிறீர்கள் என்று பொருள். 'ப்ளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் நியூட்ரலுக்கு வந்துவிடும், ஏன் பயமுறுத்துகிறீர்கள்' என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். சுவிட்ச் சேசிஸ் பக்கக் கம்பியை மட்டும் துண்டிக்கும் செட்டில், ரேடியோவை நிறுத்திய பிறகும் வால்வுகளைச் சூடாக்கும் இழைகளின் வழியாகச் சேசிஸுக்கு மின்சாரம் வந்து நிற்கும். ப்ளக்கைத் திருப்புவது பாதுகாப்பு ஆகாது.

என் பெரியப்பாவின் ரேடியோவும் இப்படிப்பட்டதுதான். அவர் காலமான பிறகு அண்ணன் வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு அது வாசலுக்கு வந்துவிட்டது. நான் கேட்டு வாங்குவதற்கு முன்பே அண்ணன் அதை ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருந்தார். அந்த மனிதர் மூடியைக்கூடத் திறக்காமல் நேரே செருகியிருக்கிறார். ஓர் உறுமல், பிறகு மெழுகு எரியும் வாடை, அத்தோடு மௌனம். "பிளாஸ்டிக் செட் சார், இதற்குப் போய் மெனக்கெடாதீர்கள். உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு யுஎஸ்பி பிளேயர் வைத்துத் தருகிறேன்" என்றாராம். அண்ணன் சரி என்று சொல்லாமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

திறந்து பார்த்தபோது என்ன நடந்தது என்பது தெளிவாகவே தெரிந்தது. கடைசி வால்வின் கிரிட்டுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) ஒலியைக் கடத்தும் 0.01 மைக்ரோபாரட் காகிதக் கண்டென்சர் மின்சாரத்தைக் கசியவிட்டிருந்தது. மெழுகு பூசிய காகிதம் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் வழியாக நேர்மின்னழுத்தம் கிரிட்டுக்கு ஏறினால் வால்வு தன் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கும். அது, ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் மயிரிழைக் கம்பியைத் தீய்த்துவிடும். புதிதாக ஒரு கண்டென்சர் வைத்திருந்தால் தப்பியிருக்க வேண்டிய டிரான்ஸ்பார்மர். பழுதான வேறொரு செட்டிலிருந்து ஒத்துவரும் ஒன்றைத் தேடிப் பொருத்தினேன்.

உள்ளே நான்கு வால்வுகள்: யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85. இவற்றின் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் 100 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். 19, 19, 50, 38 வோல்ட்களைக் கூட்டினால் 126. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றால் மீதி 104 வோல்ட்டை ஒரு பெரிய கம்பிச்சுருள் ரெசிஸ்டர் விழுங்க வேண்டும். அதாவது பத்து வாட்டுக்கு மேல் வெறும் சூடு, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள். பழைய பெட்டிகளின் மேல்பகுதியில் கருகலும் விரிசலும் காண்பதற்குக் காரணம் இதுதான். பின்மூடியில் இருக்கும் துளைகளை அடைத்து வைக்கக் கூடாது. உங்களுடையது 110 வோல்ட் நாட்டிலிருந்து வந்த ஐந்து வால்வு செட் என்றால் இழைகளின் கூட்டுத்தொகையே 120 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அதில் மீதியை விழுங்கும் ரெசிஸ்டரே இருக்காது. 230-இல் செருகினால் நொடியில் இழைகள் போய்விடும்.

நான் செய்த வரிசையைச் சொல்கிறேன். மின்சாரத்தில் இணைப்பதற்கு முன்பே காகிதக் கண்டென்சர்கள் அனைத்தையும் மாற்றினேன். மின்சாரத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் வகைக் கண்டென்சர்களையும் மாற்றினேன். வேலை தொடங்குமுன் ஒரு ரெசிஸ்டரை வைத்து அவற்றில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை ஷாக் அடிக்கும். ஏரியல் சாக்கெட்டையும் சேசிஸையும் பிரிக்கும் கண்டென்சருக்கு மட்டும் ஒய் வகைப் பாதுகாப்புக் கண்டென்சரைப் போட்டேன். அது குறுக்கிணைந்தால் (ஷார்ட் ஆனால்) ஏரியல் கம்பியே மின்கம்பி ஆகிவிடும். மைக்கா கண்டென்சர்களைத் தொடவில்லை. ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தேன். சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்ற வண்ண வளையங்களால் 220 கிலோ ஓம் சொன்ன ஒன்று மீட்டரில் 300-ஐத் தாண்டியது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் நகரும். நிலையத்தைப் பிரித்தெடுக்கும் சுருள்கள் இருக்கும் உலோகக் குப்பிகளின் (இடைநிலை அதிர்வெண் கேன்கள்) திருகுகளைத் தேவையில்லாமல் திருப்பாதீர்கள். ஆசைக்குத் திருப்பியவர்கள் கெடுத்த செட்டுகள் ஏராளம்.

பிறகு, வீட்டு மின்சாரத்திலிருந்து செட்டைத் தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வழியாக, தொடரில் ஒரு 60 வாட் இழை பல்பு வைத்து இணைத்தேன். பல்பு முதலில் சற்றே மின்னி மங்கினால் நல்லது. முழுப் பிரகாசமாக நின்றால் எங்கோ குறுக்கிணைப்பு. எல்லோரும் முதலில் வால்வைச் சந்தேகிப்பார்கள். எனக்கு நான்குமே நன்றாக இருந்தன. கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளிப்பூச்சு பால்வெள்ளை ஆகியிருந்தால்தான் காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

'வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்து மெல்ல மின்னழுத்தத்தை ஏற்றினால் பழைய கண்டென்சர்களே உயிர்பெறும், அசலை ஏன் மாற்றினீர்கள்' என்று சேகரிப்பாளர்கள் கேட்பார்கள். எலக்ட்ரோலிடிக் சில நேரம் மீளும். காகிதக் கண்டென்சர் மீளாது. அசல் தோற்றம் வேண்டுமென்றால் பழைய கண்டென்சரின் குழாய்க்குள் புதியதை ஒளித்து மெழுகால் மூடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வீட்டில் குழந்தைகள் தொடுகிற பொருளில் இதற்குமேல் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி பெட்டி. குமிழ்களின் பக்கவாட்டில் சிறு துளை, அதன் ஆழத்தில் தண்டை இறுக்கும் திருகு. என் செட்டில் ஒரு குமிழின் துளையில் மட்டும் பழுப்பு மெழுகு அடைத்திருந்தது, மற்றொன்றில் இல்லை. தொழிற்சாலையில் அந்த மெழுகை வைத்தது திருகின் தலையில் விரல் படாமல் இருக்கத்தான். யாரோ கழற்றியவர் திரும்ப அடைக்கவில்லை. நான் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தேன். பிளாஸ்டிக் வேலை அலங்காரம் அல்ல என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தத் துளைதான்.

பேக்லைட்டைச் சேசிஸ் இல்லாமல் தனியே எடுத்து, இளம் சோப்புநீரில் துடைத்து உடனே உலர்த்துங்கள், ஊறவைக்காதீர்கள். உள்ளே நிரப்பியிருப்பது மரத்தூள், மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் நீர் இறங்கும். பிறகு உலோக மெருகு பசையால் மென்துணியில் தேய்த்தால், துணி பழுப்பாகும், பெட்டி பளபளக்கும். வெளிர்நிறப் பெட்டி என்றால் பாலிஸ்டைரீனாக இருக்கலாம். அதன்மேல் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் படக் கூடாது, கரைந்துவிடும். விரிசலுக்கு உட்புறம் கண்ணாடியிழைத் துணி வைத்து எபாக்சி போடுங்கள். டயல் கண்ணாடியின் எழுத்துள்ள பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தீர்கள் என்றால் எழுத்துகள் துணியோடு வந்துவிடும்.

இன்னொன்று. அந்தப் பெட்டியின் உட்சுவரில் எந்த வால்வு எங்கே என்று அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. வாங்கியவனுக்கு இது தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் துணி துவைக்கும் இயந்திரம் நின்றபோது, அதன் மின்பலகை முழுவதும் பிசினில் புதைந்திருந்தது. எண்கள் தெரியவில்லை, வரைபடம் தர மறுத்தார்கள், முழுப் பலகையையும் மாற்று என்றார்கள். ஒரு ரிலேதான் போயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். என் பணத்தில் வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையை என்னிடமிருந்து பறித்தது யார்? இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புளூடூத் பற்றி: வேண்டாம். பாட்டுக் கேட்க எத்தனையோ ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன, தாத்தா கைபட்ட செட் ஒன்றுதான் இருக்கிறது. மத்திய அலையில் இன்று நிலையங்கள் குறைந்துவிட்டன, எல்இடி விளக்குகளின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது, மறுக்கவில்லை. அப்படியும் இரவில் தொலைதூர நிலையங்கள் வரும்.

சாலிடரிங் பழக்கம் இல்லாவிட்டால் சேசிஸ் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் செருகிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவரிடம் கொடுக்காதீர்கள். பெட்டியை நீங்களே செய்யலாம். இப்போதைக்குக் கம்பி சுவரில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு பின்மூடியைக் கழற்றுங்கள். எதையும் அசைக்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வால்வுகளில் இருக்கும் எழுத்தைத் தேய்க்காமல் படித்துக் கீழே கருத்துரையில் எழுதுங்கள். டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டா, இல்லாததா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.