பண்டிகைகளுக்குப் புறசமய வேர் இருந்தால் சபை அவற்றைக் கொண்டாடலாமா? கேள்வி பதில்

திருச்சபை வரலாற்றைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, டிசம்பர் 25 ரோமர்களின் சூரிய தெய்வத்தின் பிறந்தநாள். சபை அதைத் தூக்கி வந்து இயேசுவின் பிறந்தநாள் ஆக்கிக்கொண்டது. இது உண்மைதானே?

பதில்: முடிந்துபோன விஷயம் போலத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆதாரத்தைத் திறந்து பார்த்தால் அப்படி இல்லை. ரோமில் 354-ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் டிசம்பர் 25-க்கு நேராக 'வெல்லப்படாதவனின்' (சூரிய தெய்வத்தின் பட்டம் அது) பிறந்தநாள் என்றும், அன்றைக்கு முப்பது தேரோட்டங்கள் என்றும் குறித்திருக்கிறார்கள். அதே தொகுப்பின் இன்னொரு பகுதியில், இரத்தசாட்சிகளின் நினைவு நாள்களின் பட்டியல் 'யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்' என்று அதே டிசம்பர் 25-இல் தொடங்குகிறது. இந்தப் பட்டியல் 336-ஆம் ஆண்டளவில் உருவானது. ஆக, இரண்டு கொண்டாட்டங்களுக்கும் நம் கையில் இருக்கும் பழைய சாட்சி ஒரே ஏட்டுக்குள் இருக்கிறது. பேரரசர் அவுரேலியன் 274-இல் சூரியனுக்குக் கோயில் கட்டினார் என்பது சரி. அது டிசம்பர் 25-இல் திறக்கப்பட்டது என்று அந்தக் காலத்து ஆவணம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என்று, 200-ஆம் ஆண்டளவில் எழுதிய வட ஆப்பிரிக்க ஆசிரியர் தெர்த்துல்லியன் காலத்திலேயே மேற்கில் கணக்கிட்டிருந்தார்கள். கருவில் உருவானதும் அதே தேதியில்தான் என்ற நம்பிக்கையைப் பிற்காலத்து ஆயர் அகுஸ்தீன் தெளிவாகவே எழுதுகிறார். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வரும். கிழக்கில் ஏப்ரல் 6 என்று கணக்கிட்டவர்களுக்கு ஜனவரி 6 வந்தது. அர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6-இல்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. எனக்கு இந்தக் கணக்குதான் கனமாகப் படுகிறது.

ஆனாலும் சூரியனை முழுக்க மறுத்துவிட முடியாது. ஐந்தாம் நூற்றாண்டில் போப் லியோ தம் பிரசங்கத்தில் சிலரைக் கண்டிக்கிறார். ரோமின் பேதுரு ஆலயப் படிகளில் ஏறிய கிறிஸ்தவர்கள் உள்ளே நுழையும் முன் திரும்பி நின்று, உதிக்கிற சூரியனுக்குத் தலைவணங்கினார்களாம். பிரசங்க பீடத்தில் கடிந்துகொள்ளும் அளவுக்குப் பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் சாட்டர்னாலியா?

பதில்: ரோமர்கள் சனி தெய்வத்துக்கு எடுத்த விழா அது. டிசம்பர் 17-இல் தொடங்கும், நீண்ட காலத்திலும் 23-உடன் முடிந்துவிடும். விருந்தும் பரிசும் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. விருந்து வைக்காத பண்டிகை எந்த மதத்தில் இருக்கிறது?

கேள்வி: ஈஸ்டர் என்ற பெயரே பாபிலோனிய தேவதை இஷ்தாரிலிருந்து வந்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நடுங்கிவிட்டேன்.

பதில்: சகோதரி, நடுங்க வேண்டாம். இரண்டு சொற்களின் ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கதையைப் பரப்பியதில் பெரும் பங்கு 19-ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப்புக்கு உண்டு. பெயரைப் பற்றி உண்மையில் கிடைப்பது 725-இல் ஆங்கிலத் துறவி பீடா எழுதிய ஒரு குறிப்பு மட்டும்: ஏயோஸ்த்ரே என்ற தேவதையின் பெயரால் அவர் நாட்டில் ஒரு மாதம் அழைக்கப்பட்டதாம்.

அதுவும் பெயரின் கதைதான், பண்டிகையின் கதை அல்ல. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இன்னும் பல மொழிகளிலும் அதன் பெயர் யூதர்களின் 'பஸ்கா' பண்டிகையின் வழியாக வந்தது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப் ரோமுக்குப் போய், இதை எந்த நாளில் அனுசரிப்பது என்று அங்கத்திய ஆயர் அனிசேத்துஸுடன் பேசினார். உடன்பாடு வராமல், சமாதானத்தோடு பிரிந்தார்கள். ஏயோஸ்த்ரேயின் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய சந்திப்பு இது.

ஈஸ்டர் முட்டை பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்தது. கோழிகளுக்கு அந்த விலக்கு தெரியாது. நாற்பது நாள் சேர்ந்த முட்டை பண்டிகையன்று மேசைக்கு வந்தது.

கேள்வி: எரேமியா 10-ஆம் அதிகாரம் கிறிஸ்மஸ் மரத்தைத்தானே கண்டிக்கிறது? காட்டில் மரத்தை வெட்டுகிறார்கள், வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறார்கள் என்று அப்படியே இருக்கிறதே.

பதில்: 'வாச்சி' (மரம் செதுக்கும் கருவி) என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த மரம் தச்சனின் வாச்சியால் செதுக்கப்படுகிறது. செதுக்கிய பிறகு அது மரமாக நிற்கவில்லை, சிலையாக நிற்கிறது. அடுத்த வசனத்தில் அது பேசாது, நடக்காது, தூக்கிச் சுமக்க வேண்டும் என்று வருகிறது. அலங்கார மரத்தைப் பார்த்து 'ஏன் பேசவில்லை' என்று கேலி செய்ய எரேமியாவுக்குக் காரணம் இல்லை. வீட்டுக்குள் மரம் வைத்து, காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்டதைச் சொல்லும் ஸ்ட்ராஸ்பூர்க் குறிப்பு 1605-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இந்த வசனத்தால் ஒரு சபை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு யாரோ மரத்தைப் பக்கவாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டார்கள். காலையில் ஆராதனைக்கு வந்தபோது பீடத்திலிருந்து கதவு வரை பச்சை ஊசியிலைகள் கோடாகக் கிடந்தன. வயதான மூப்பர் ஒருவர் துடைப்பத்தை எடுத்துப் பேசாமல் கூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை.

கேள்வி: வசனங்களை விளக்கித் தப்பிக்கிறீர்கள். உபாகமம் 12:30-31: அந்த ஜாதிகள் தங்கள் தேவர்களைச் சேவித்தபடி நானும் செய்வேன் என்று சொல்லாதே. இதற்கு என்ன பதில்?

பதில்: நியாயமான அடி. இந்த எச்சரிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வசனத்தின் முடிவையும் சேர்த்து வாசியுங்கள்: அந்த ஜாதிகள் தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அக்கினியில் சுட்டெரித்தார்கள். அங்கே தடுக்கப்படுவது அவர்களுடைய வழிபாடு. அவர்கள் கைபட்ட எல்லாமே தீட்டு என்றால் வேதத்துக்குள்ளேயே சிக்கல் வருகிறது. பாபிலோனிய தெய்வமான தம்மூசுக்காக அழுத பெண்களை எசேக்கியேல் 8-ஆம் அதிகாரம் அருவருப்பு என்கிறது. பாபிலோனிலிருந்து வந்த யூத நாட்காட்டியிலோ தம்மூஸ் என்றே ஒரு மாதம் இன்றுவரை இருக்கிறது. பவுலின் காலத்துப் பிரசங்கி அப்பொல்லோ, கிரேக்க தெய்வத்தின் பெயரைச் சுமந்துகொண்டே பிரசங்கித்தார். பெயரை மாற்று என்று பவுல் சொன்னதாக இல்லை. நாம் 'ஞாயிறு ஆராதனை' என்கிறோம். ஞாயிறு என்றால் சூரியன். அதைச் சொல்லும்போது யார் சூரியனைக் கும்பிடுகிறார்கள்?

உண்மையாகவே எடுத்தாண்ட இடமும் உண்டு, அதை மறைப்பது நேர்மை அல்ல. 601-இல் போப் கிரகோரி, இங்கிலாந்தின் கெண்ட் அரசருக்கு விக்கிரகக் கோயில்களை இடிக்கும்படி எழுதினார். கொஞ்ச நாளில், நெடுநேரம் யோசித்ததாகச் சொல்லி, அங்கே போய்க்கொண்டிருந்த ஊழியர் மெல்லித்துஸுக்கு வேறு விதமாக எழுதினார்: சிலைகளை மட்டும் அழியுங்கள், கட்டடத்தைச் சபையாக்குங்கள்; பிசாசுகளுக்கு மாடு பலியிட்டவர்கள் இனி விருந்துக்காக அறுத்து தேவனுக்கு நன்றி சொல்லட்டும். அவருடைய இரண்டாவது யோசனையின் பக்கம்தான் நான். அதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். லியோவின் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்டோபர் 31 இரவின் ஹாலோவீன் கொண்டாட்டத்தைச் சபை வளாகத்தில் நடத்தலாமா?

பதில்: நான் நடத்த மாட்டேன். பழைய கெல்டிக் வேருக்காக அல்ல. பேய் வேடத்துக்கும் சுவிசேஷத்துக்கும் இன்றைக்கு என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள், நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதை நடத்துங்கள்.

கேள்வி: எங்கள் சபை கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. உறவினர்கள் எங்களைக் கள்ள உபதேசக்காரர் என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்பவர்களுக்கு வரலாறு தெரியவில்லை. 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றமே கிறிஸ்மஸை ஒழித்தது. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, அன்று வேலைக்குப் போகாமல் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்மஸ் பொது விடுமுறை ஆனது 1958-இல்தான். இவர்கள் எல்லோரும் வேதத்தை மதித்தவர்கள்.

ரோமர் 14-இல் பவுல் அவனவன் தன் மனதில் முழு நிச்சயம் உடையவனாயிருக்கச் சொல்கிறார். உங்கள் நிச்சயம் உங்களுக்கு இருக்கட்டும். அபராதம் போட்ட தவறை மட்டும் செய்யாதீர்கள். கொண்டாடும் அடுத்த சபையை 'பாபிலோன்' என்று அழைப்பதும் ஒரு வகை அபராதம்தான்.

கேள்வி: வேதத்தில் கட்டளையிடப்படாத பண்டிகையை இயேசு அனுசரித்தாரா?

பதில்: யோவான் 10:22. பிரதிஷ்டைப் பண்டிகை நாளில் ஆலயத்தில் உலாவினார் என்று இருக்கிறது. ஆலயத்தை மீட்ட யூத வீரர்களான மக்கபேயர் காலத்தில் தொடங்கிய பண்டிகை அது. மோசேயின் சட்டத்தில் கிடையாது. உலாவினார் என்பதை 'கொண்டாடினார்' என்று நான் இழுக்க மாட்டேன். கண்டித்தார் என்றும் இல்லை.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் ஒரு பையன், 'இயேசு உண்மையிலேயே டிசம்பர் 25-இல் பிறந்தாரா?' என்று கேட்டான். திணறிவிட்டேன்.

பதில்: தேதி வேதத்தில் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள் டீச்சர். 200-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, சிலர் கணக்குப் போட்டு எகிப்திய மாதமான பாகோனின் 25-ஆம் நாள் என்று சொல்வதாக எழுதியிருக்கிறார். அது நம் மே 20. பையனிடம் இதையும் சொல்லுங்கள். மே மாதத்திலும் ஒரு கிறிஸ்மஸ் வேண்டும் என்று கேட்பான், தயாராக இருங்கள்.