பதினொரு மார்க் கணக்கு

போன மாதம் அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. அம்மா மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மகளின் சான்றிதழ்கள், கிர்கிஸ் மொழியில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி என்று ஜோடி ஜோடியாக. மகள் 2018-இல் கிர்கிஸ்தானின் பிஷ்கேக்குக்கு டாக்டருக்குப் படிக்கப் போய் 2024-இல் திரும்பியவள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு செய்துகொள்ள எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வை மூன்று முறை எழுதிவிட்டாள். 121, 133, 139. தேறுவதற்கு 300-க்கு 150 வேண்டும்.

"பதினொரு மார்க்லதான் சார் கோட்டை விட்டுட்டா. டெல்லியில கோச்சிங் சேர்த்து ஆறு மாசம் உட்கார வெச்சா முடிஞ்சிரும்னு எங்க அண்ணன் சொல்றாரு. ஹாஸ்டலோட ரெண்டு லட்சம் ஆகும்." அப்பா பேசப் பேச, மகள் என் மேஜைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் நானும் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். இந்தத் தேர்வில் பெரும்பாலும் ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், நன்றாகப் போன தடவைகூட பத்தில் மூன்று பேர், உங்கள் பெண் மட்டும் தனியாக நிற்கவில்லை என்றேன். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நல்ல பேர் கிடைத்திருக்கும். ஒரு தாளை எடுத்தேன்.

இந்தத் தேர்வில் தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். ஒன்றுமே தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு 300-ஐயும் அடித்தாலும் சராசரியாக 75 வரும். சரி, 85 கேள்விக்கு மட்டும் உறுதியாக விடை தெரியும், மீதி 215-ஐக் குருட்டாம்போக்கில் அடிக்கிறார் என்று வையுங்கள். 215-இல் கால் பங்கு 54. கூட்டினால் 139.

இது தோராயம்தான். பாதி தெரிந்து, இரண்டு விடைகளைக் கழித்துவிட்டு மூன்றாவதை அடிப்பதும் உண்டு. ஆனாலும் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "ஐயா, உங்க பொண்ணு பதினொரு மார்க்ல தோக்கல. முந்நூறு கேள்வியில நூறுகூட உறுதியா தெரியாமப் போய் உட்கார்ந்திருக்கா." மகள் காலண்டரை விட்டுத் தாளைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். இல்லை, யாரோ ஒருவர் உண்மையைச் சொன்னதில் அவளுக்கு நிம்மதி.

இதே தாளில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 100 கேள்விக்கு உறுதியாகத் தெரிந்து மீதி 200-ஐ அடித்தால் 50 வருகிறது, மொத்தம் 150. அதாவது 85-ஐ 100 ஆக்கினால் கரை, 115 ஆக்கினால் பயமில்லாத கரை. அவளுக்குத் தேவை புதிதாக முப்பது கேள்விகள். பத்தொன்பது பாடத்தையும் மறுபடி அனாடமியிலிருந்து ஆரம்பிப்பது இல்லை.

டெல்லியில் அதைத்தான் செய்வார்கள். அவள் ஏற்கெனவே ஆன்லைனில் பணம் கட்டி அதைத்தான் மூன்று முறை செய்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எலும்பில் தொடங்கி, பாதியில் நாள் போதாமல், கடைசிப் பாடங்களைப் பரீட்சைக்கு முந்தின வாரம் ஓட்டமாக ஓட்டியிருக்கிறாள். அதையே இரண்டு லட்சம் கொடுத்துக் குளிரில் உட்கார்ந்து செய்ய வேண்டுமா? பிஷ்கேக்குக்கு அனுப்ப அடமானம் வைத்த ஒன்றரை ஏக்கர் இன்னும் மீளவில்லை. "அந்த நிலம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் இந்தப் பரீட்சைக்கு இனி ஒரு பைசா கடன் வாங்கக் கூடாது" என்றேன். அண்ணனிடம் என் பெயரையே சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அவர் பெண் கொடுக்கப் போவதில்லை.

லண்டனில் இருக்கும் சித்தப்பா பிளாப் எழுதச் சொல்கிறாராம், இங்கிலாந்தில் டாக்டராகப் பதிவு செய்ய எழுதும் தேர்வு. அதன் இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர்தான் போக வேண்டும், செலவெல்லாம் பவுண்டில். அடுத்த பேச்சு.

இன்னொரு யோசனைதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து ஊர் நர்ஸிங் ஹோம் ஒன்றில் ராத்திரி டியூட்டிக்கு டாக்டராக உட்காரச் சொல்கிறார்களாம், மாதம் இருபதாயிரம், "யாரும் கேக்க மாட்டாங்க". கேட்பார்கள். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு வழக்கு பதிவானால் அப்புறம் 150 எடுத்து என்ன, 250 எடுத்து என்ன?

பிறகு அப்பா அம்மாவை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு அவளிடம் பேசினேன். படித்ததில் எது பிடித்தது என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். பிஷ்கேக் வார்டில் நோயாளி கிர்கிஸிலோ ரஷ்யனிலோ பேச, யாராவது சொல்லும்வரை சுவரோரம் நின்ற நாள்கள்தான் அதிகம் என்றாள். பிடித்தது 2020-இல் நடந்தது. கொரோனாவுக்குத் திரும்பி வந்து, ஆன்லைன் வகுப்பு நேரம் போக, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் முகாமுக்குப் பட்டியல் எழுதிக்கொடுத்திருக்கிறாள். எந்தத் தெருவில் எத்தனை பேர், யாருக்கு முதலில், அடுத்து யாருக்கு. "மூணாவது நாள் லிஸ்ட்டப் பாத்தப்போ ஒரே கல்யாண வீட்லருந்து பரவினது தெரிஞ்சுது சார்" என்று சொல்லும்போதுதான் அவள் குரல் முதன்முறையாக நிமிர்ந்தது.

அது கம்யூனிட்டி மெடிசின், அதாவது பொது சுகாதாரம் என்கிற பாடம். எஃப்.எம்.ஜி.இ.-யில் அதற்கு எத்தனை கேள்வி தெரியுமா? முப்பது. மகப்பேறுக்கும் முப்பதுதான், அனாடமிக்கு 17. வெளிநாட்டில் படித்தவர்கள் கைகழுவும் பாடமும் இதுதான். காரணம் எளிது: அங்கே அந்த நாட்டுத் தடுப்பூசி, அந்த நாட்டுத் திட்டம். இங்கே கேட்பது நம் ஊர் விஷயம். அந்தத் தடித்த புத்தகத்தைப் பார்த்ததும் மனப்பாடப் பாடம் என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். போன தடவை இதில் எத்தனை உறுதியாகத் தெரிந்தது என்றேன். "ஆறு, ஏழு இருக்கும்" என்றாள். நமக்கு வேண்டிய முப்பதில் பெரும்பகுதி இங்கேயே கிடக்கிறது.

மனப்பாடம் வேண்டாம், புதன்கிழமை உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ என்றேன். தமிழ்நாட்டில் புதன் தடுப்பூசி நாள். மருத்துவ அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, எதையும் தொடாமல், ஓரமாக நின்று பார்க்க வேண்டும். தடுப்பூசி இருக்கும் ஐ.எல்.ஆர். என்கிற குளிர்பெட்டி மேல் ஒரு நோட்டு தொங்கும்; காலை ஒரு முறை, மாலை ஒரு முறை வெப்பநிலை எழுதியிருப்பார்கள். 2-க்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு கேள்வி முடிந்தது. குப்பி மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டாலும், அதைவிடக் கறுத்துவிட்டாலும் போடக் கூடாது. இதைப் படமாகவே போட்டுக் கேட்பார்கள். காசநோய்க்கான பி.சி.ஜி.யையும் தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆரையும் கலக்கியபின் நர்ஸம்மா குப்பியில் மணியை எழுதுவார், நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று அட்டவணையாகப் படித்தால் மூன்றாம் நாள் மறந்துபோகும். குழந்தையோடு வரிசையில் நிற்கும் தாய்மார்களின் அட்டையைப் பார்த்தால் மறக்காது.

அடுத்த நாள் மேல்நிலைத் தொட்டி. ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து இரண்டு சொட்டு ரசாயனம் விட்டு மஞ்சளாகிறதா என்று பார்ப்பார். குளோரின் போட்டு ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. தொட்டியடியில் நின்றவளுக்கு அது வரியாக இருக்காது.

கொசுப் புழு பார்க்க வீடு வீடாக வரும் ஆள்களோடு ஒரு காலைப் பொழுது நடக்கலாம். 100 வீடு, அதில் 8 வீட்டில் புழு. பார்த்த டிரம், டயர், தேங்காய் ஓடு எல்லாம் சேர்த்து 300. அதில் 12-இல் புழு. வீட்டுக் குறியீடு 8. பாத்திரக் குறியீடு 4. நூறு வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரம் 12. அதுதான் பிரெட்டோ குறியீடு. மூன்றையும் அவளே தாளில் போட்டாள், நான் சொல்லுமுன். காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. அயோடின் உப்பு வீட்டுக்கு வரும்போது குறைந்தது 15 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு. இவற்றையும் ஆறேழு வாரம் இப்படியே படித்தால் போதும். கூடவே கண், காது-மூக்கு-தொண்டை. தலா 15 கேள்வி உள்ள சின்னப் பாடங்கள். மற்றதில் ஏற்கெனவே தெரிந்ததை மறக்காமல் வைத்துக்கொண்டால் சரி. ஞாயிறுதோறும் 150 நிமிடத்தில் 150 கேள்வி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி 150. நிஜத் தேர்வும் ஒரே நாளில் இப்படித்தான்.

டீ குடித்துவிட்டு வந்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொது சுகாதாரம்னா கொசு மருந்து அடிக்கிற வேலைன்னு சொல்வாங்களே சார். ஸ்கேன் டாக்டர், கைனகாலஜி, இப்படி ஏதாவது..." கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. இதற்கென்று தனி இயக்குநரகமே வைத்திருக்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு இதைக் கேவலமாகப் பேசுகிறோம். தேறிய பிறகு எம்.டி. படிக்க ஆசைப்பட்டாலும், ரேடியாலஜிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு எது பிடிக்கிறது என்று இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை. அவள் சொல்லிவிட்டாள். இனி அதில் அண்ணனுக்கும் வேலையில்லை, உங்களுக்கும் இல்லை என்றேன்.

தேறினால் உடனே போர்டு மாட்டலாம் என்றும் நினைத்திருந்தார். இல்லை. இங்கே 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் நிரந்தரப் பதிவு. அதற்கு வெளிநாட்டில் படித்தவர்களிடம் கல்லூரிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆணையம் 2022-இல் சொல்லியிருக்கிறது. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். கொரோனாக் காலத்தில் ஆன்லைனில் படித்த மாதங்களை நேரில் ஈடுசெய்ததாகப் பல்கலைக்கழகம் தரும் சான்றுக்கு இப்போதே எழுதிப் போடச் சொன்னேன். மஞ்சள் பையில் அது இல்லை.

இன்னும் இரண்டு தடவை. அதற்கு மேல் வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத விடுகிறார்கள் என்பதற்காக முப்பது வயது வரை அறைக்குள் உட்கார வைக்காதீர்கள். அதற்குள் வரவில்லையென்றால் எம்.பி.எச். என்கிற இரண்டாண்டுப் பொது சுகாதார முதுகலைப் படிப்பு: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், புதுச்சேரி ஜிப்மரில், சென்னை அயப்பாக்கத்து நோய்ப்பரவியல் நிறுவனத்தில். பல இடங்களில் டாக்டர் அல்லாதவர்களும் சேர்கிற படிப்பு அது. விண்ணப்பிக்கும் முன், இந்தியப் பதிவு இல்லாத வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கல்யாண வீட்டைக் கண்டுபிடித்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் அங்கேயிருந்துதான் வருகிறார்கள்.

எழுந்து போகும்போது அப்பா தயங்கி நின்றார். "டெல்லிக்கு இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன் சார், போன வாரமே." திருப்பிக் கேளுங்கள், தந்தால் சரி, தராவிட்டால் அந்த இருபதாயிரத்துக்காக இன்னொரு ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள் என்றேன். அம்மா மஞ்சள் பையைச் சுருட்டிக்கொண்டே மகளிடம், "நாளைக்கு புதன்தானே?" என்றார்.