தட்டானும் பறவையும் ஒரே நாளில்: தர்ஸ்லிக்கு எத்தனை மணிக்குப் போகலாம்?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். பத்து வயது மகளுக்குத் தட்டான் என்றால் உயிர், எனக்குப் பறவைகள். ஜூன் கடைசியில் ஒரு நாள் சர்ரேயில் உள்ள தர்ஸ்லி காமன் என்ற இயற்கைக் காப்பிடத்துக்குப் போக ஆசை. பறவைக்கு விடியலிலேயே போகணும் என்கிறார்கள், தட்டானுக்கு வெயில் ஏறணும் என்கிறார்கள். ஒரே நாளில் இரண்டும் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் விடியலைத் துரத்த வேண்டாம். ஜூன் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். அதற்காக எழுப்பினால், தட்டான்கள் மும்முரமாகும் நேரத்தில் குழந்தை துவண்டுபோவாள். எட்டு மணிவாக்கில் போய்ச் சேருங்கள். முதலில் மேட்டில் பறவை, அப்புறம் சதுப்பில் தட்டான்.

மேடு என்பது ஹீதர் செடியும் கோர்ஸ் முட்புதரும் மண்டிய மணல் நிலம். காற்று எழுமுன் புதர்களின் உச்சியைக் கவனியுங்கள். இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோலக் குரல் கேட்டால் அது ஸ்டோன்சாட் பறவை. அதன் பக்கத்திலேயே நீண்ட வாலை நிமிர்த்தியபடி, கருஞ்சிவப்பு வயிறும் சிவந்த கண்ணுமாக ஒரு சின்னப் பறவை தலைகாட்டக்கூடும். அதுதான் டார்ட்ஃபோர்டு வார்ப்ளர். கடுங்குளிரிலும் பெரும்பாலும் வெளிநாடு போகாமல் பூச்சிகளையே நம்பி வாழ்வது. 1962-63 பனிக்காலத்தில் பிரிட்டன் முழுக்கப் பத்துப் பதினோரு ஜோடிகளே மிஞ்சின. அங்கிருந்து மீண்டு வந்த பறவை என்று மகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

பத்தரை மணிக்குமேல் சதுப்பின் பலகைப் பாதைக்கு இறங்குங்கள். தட்டானின் உடல் வெயிலில் சூடேறினால்தான் பறக்கும் தசைகள் இயங்கும். 17 டிகிரியாவது இருந்து, வெயிலும் அடிக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் தட்டான் தாழப் பறந்தால் மழை என்போம். இங்கே ஒரு மேகம் மறைத்தாலே பல தட்டான்கள் செடிக்குள் ஒதுங்கிவிடும். அப்போது கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் பொறுங்கள்.

மகளுக்கு முதலில் நான்கு புள்ளிச் சேசர் என்ற தட்டானைக் காட்டுங்கள். ஒவ்வொரு சிறகின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். துரத்தினால் கிடைக்காது. பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும், அசையாமல் நின்றால் போதும். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது. குட்டைகளின் ஓரத்தில் வெளிர்நீல வயிற்றோடு உட்கார்ந்திருப்பது கீல்ட் ஸ்கிம்மர் என்ற தட்டானின் ஆண். எம்பரர் தட்டானின் ஆண் லேசில் உட்காராது, நீருக்குமேல் ரோந்து சுற்றியபடியே இருக்கும். பெண்ணோ தனியாக வந்து, நீர்ச்செடியில் அமர்ந்து, வாலை நீருக்குள் வளைத்து முட்டையிடும். அதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால் குழந்தை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள்.

பாதையோரப் பாசியில் சிவப்பு மயிர்களோடு பளபளப்பது பூச்சி பிடிக்கும் அழுகண்ணி இனச் செடி. ஊசித்தட்டான்கூடச் சில நேரம் அதில் ஒட்டி மாட்டிக்கொள்ளும்.

நடுப்பகலில் அடிக்கடி அண்ணாந்து பாருங்கள். உங்கள் இருவர் ஆசையும் ஒன்றுசேரும் இடம் அதுதான். ஹாபி என்ற சின்ன ராஜாளி தட்டானைக் காலால் பிடித்து, இறக்கையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பறந்தபடியே தின்னும். மே மாதம்தான் அதற்கு உச்சம். ஜூன் கடைசியிலும் வாய்ப்பு உண்டு.

இருநோக்கி வாங்குவதாக இருந்தால், இரண்டு மீட்டர் அருகிலும் தெளிவாகக் காட்டும் எட்டு மடங்கு கருவியாக வாங்குங்கள். ஒன்றே இரண்டுக்கும் போதும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள், நைட்ஜார் என்ற பக்கிக்குருவி வெறுந்தரையிலேயே முட்டையிடுகிறது. அதன் இரைச்சல் பாட்டைக் கேட்க, சூரியன் மறையும் ஒன்பதேகால் மணிக்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். முதல் பயணத்திலேயே அதையும் சேர்க்காதீர்கள். அடுப்பு, நெருப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். 2020 மே கடைசியில் பற்றிய தீ இந்த நிலத்தில் கணிசமான பகுதியையும் அப்போதிருந்த பலகைப் பாதையையும் எரித்தது. நிழல் குறைவு, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கால் சட்டையைச் சாக்ஸுக்குள் செருகி, வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று முழங்காலின் பின்புறமும் அக்குளும் பாருங்கள்.