உருகும் பனியும் எரியும் மரமும்: பின்லாந்துக் கண்ணாடிப் பொருள்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அல்டிமா தூலே கோப்பையின் வெளிப்புறத்தில் உள்ள மேடுபள்ளங்கள் கையால் செதுக்கப்பட்டவையா?

பதில்: கண்ணாடியில் யாரும் உளி வைப்பதில்லை, வடிவம் முழுவதும் அச்சில்தான் இருக்கிறது. பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் உருகும் பனிக்கட்டியின் தோற்றத்தை மனத்தில் கொண்டு வடிவமைப்பாளர் தாப்பியோ விர்க்கலா உருவாக்கிய இந்த வரிசை, 1968-இல் ஈத்தலா கண்ணாடி ஆலையில் இருந்து வெளிவந்தது. உட்புறத்தைத் தடவினால் வழவழப்பாக இருக்கும். வெளியே பனி வழிந்து உறைந்ததுபோல் இருக்கும். சிறிய கோப்பையின் அடியிலோ, சொட்டி நின்றுவிட்ட துளிகளைப் போன்ற குட்டிக் கால்கள் இருக்கும். பின்லாந்தின் விமான நிறுவனமான பின்னேர் 1969-இல் நியூயார்க்குக்கு விமானம் விட்டபோது, பயணிகளுக்கு இக்கோப்பைகளில்தான் பானம் வழங்கியது.

கேள்வி: என்னிடம் உள்ள இரண்டு பின்லாந்தியா பூச்சாடிகளில் மரப்பட்டை போன்ற வரிகள் ஒத்துப்போகவில்லை. ஒன்று போலியோ?

பதில்: ஒத்துப்போகாததை மட்டும் வைத்து ஐயப்பட வேண்டாம். கண்ணாடி ஊதும் மர அச்சை வழக்கமாக நீரில் ஊறவைப்பார்கள். சூட்டில் எழும் நீராவி, கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே மெத்தைபோல் நின்று மேற்பரப்பை மழமழப்பாக்கும். அறுபதுகளில் பின்லாந்தியா வரிசையை வடிவமைத்த திமோ சார்பனேவா இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தார்: மரம் எரியட்டும், எரிந்த தழும்பு அப்படியே கண்ணாடியில் பதியட்டும் என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு முறை ஊதும்போதும் அச்சு மேலும் கருகிக் குழிவிழுவதால், அடுத்தடுத்து எடுத்த சாடிகளில்கூட வரிகள் மாறும். குறையென்று ஆலைகள் ஒதுக்கியதையே அழகாக்கிய இந்தத் துணிச்சலை, என் கணக்கில், விர்க்கலாவின் பனிக்கும் மேலாகவே வைப்பேன்.

கேள்வி: கஸ்தேஹெல்மி தட்டில் வரிசையாக முத்துகள் இருப்பது அலங்காரத்துக்கு மட்டுந்தானா?

பதில்: இல்லை. பெயருக்குப் பனித்துளி என்று பொருள். ஓய்வா தோய்க்கா 1964-இல் நூத்தயார்வி ஆலைக்காக வடிவமைத்த இது, ஊதாமல் அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. அழுத்துக் கண்ணாடியில் அச்சுத் துண்டுகள் சேரும் இடத்தில் கோடு விழுவது தவிர்க்க முடியாதது. வளையம் வளையமாக அமைந்த துளிகள் அக்கோட்டைக் கண்ணில் படாமல் மறைக்கின்றன.

கேள்வி: எல்லாமே அச்சின் வேலைதானா?

பதில்: விர்க்கலாவின் கன்தரெல்லி பூச்சாடி விலக்கு. காட்டுக் காளானை நினைவூட்டும் அந்த 1946-ஆம் ஆண்டு வடிவில், காளான் மடிப்புகளைப் போன்ற மெல்லிய கோடுகள் ஊதிய பிறகு கண்ணாடியில் வெட்டப்பட்டவை.

கேள்வி: கோப்பையில் ஒட்டுத்தாள் இல்லை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஈத்தலா 2024 வரை ஒட்டுத்தாளில் பயன்படுத்திய, சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் வெள்ளை 'i' எழுத்து, 1956-இல் சார்பனேவா வரைந்தது; ஆனால் ஒட்டியது கழுவும்போது உரியும், உரிந்ததை வேறு கோப்பையில் ஒட்டவும் முடியும். ஒட்டுத்தாளைவிட அடிப்பகுதியையும் விளிம்பையும் எடையையும் பாருங்கள்.

கேள்வி: பழைய கோப்பை மங்கிவிட்டது. தெளியுமா?

பதில்: வெதுவெதுப்பான நீரில் வெள்ளை வினிகர் கலந்து சில மணி நேரம் ஊறவையுங்கள். உப்புப் படிவு என்றால் கரைந்துவிடும். கரையாவிட்டால், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூடும் சோப்பின் காரமும் கண்ணாடியையே அரித்துவிட்டன என்று பொருள். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. மேடுபள்ளங்களுக்கு இடையே சேரும் அழுக்கை மென்மையான பல்துலக்கியால் எடுங்கள். கம்பி நாரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: இவற்றில் தேநீர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். மேடும் பள்ளமுமாகக் கனம் மாறும் கண்ணாடி, திடீர்ச் சூட்டில் விரிசல் விடக்கூடும். குளிர்ந்த நீரோ பழச்சாறோ ஊற்றித் தாராளமாகக் குடியுங்கள்.